எஞ்ஜின் பழுதான கன்டர் லொறியை வாங்கலாமா?

உறவுகளுக்கு வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களிலிருந்து களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆலைகளுக்கு நெல் ஏற்றுவதற்காக, 4டி33 எஞ்ஜின் பூட்டிய பழைய மிட்சுபிஷி கன்டர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 22 இலட்சம் கேட்கிறார்கள். எஞ்ஜின் வேலை இருப்பதால்தான் இந்த விலை என்பதை விற்பவரே மறைக்காமல் சொன்னார்.

குளிர்ந்திருந்த எஞ்ஜினை இயக்கியபோது நீலப் புகை வந்தது. சூடேறிய பின்னும் அது குறையவில்லை. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை அடித்துக்கொண்டு வருகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லாததால் ஹெட் காஸ்கட் (எஞ்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) தப்பியிருக்கலாம் என்றும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்திருப்பதே காரணம் என்றும் நினைக்கிறேன். (நான் மெக்கானிக் அல்ல, சாரதிதான்.) இந்நிலையில் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் இது தேறாது என்பதால், வாகன வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

எஞ்ஜினைக் கழற்றி நான்கு சிலிண்டர்களையும் முழுமையாகச் செய்வதா, அல்லது பாவித்த ஜப்பான் எஞ்ஜினை மாற்றிவிட்டு, புதிய எஞ்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய அலைவதா என்பதே என் குழப்பம். கிராங்க் சாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தேய்மானத்துக்காக ஏற்கனவே அரைக்கப்பட்டிருந்தால் முதல் வழி வீண் செலவாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.

இந்த வேலையை அண்மையில் செய்வித்தவர்கள், மொத்தச் செலவையும், மட்டக்களப்பு அல்லது கல்முனைப் பக்கத்தில் நம்பிக்கையான லேத் பட்டறை இருந்தால் அதையும் தெரிவியுங்கள். பெரும்போக அறுவடைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.