ஏறும், இறங்காது: அவுட்போர்டு டில்ட் படுத்திய பாடு

ஹேவ்லாக், அந்தமான்

சீசன் உச்சத்தில் இருந்தபோது நடந்தது இது. தீவுக்கு 2018-ல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். ஜெட்டியிலிருந்து எலிஃபண்ட் பீச்சுக்கு ஆளேற்றிப் போகும் படகு, பின்னால் இரண்டு அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் என்ஜின். கரையோரம் தண்ணீர் வற்றினால் பாறை புரொப்பெல்லரைப் பதம் பார்க்கும். அதனால் ஆட்களை இறக்கியதும் இரண்டையும் தூக்கி வைத்துவிடுவோம். பொத்தானை அமுக்கினால் ஒரு மோட்டார் என்ஜினைத் தூக்கும், இறக்கும்; அதுதான் டில்ட்.

அன்று திரும்பும் நேரத்தில் வலது என்ஜின் சமர்த்தாக இறங்கியது. இடது இறங்கவில்லை. பொத்தானை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேலே தூக்கும் பொத்தானை அமுக்கினால் ஒழுங்காக இன்னும் கொஞ்சம் ஏறுகிறது! படகில் பதினொரு பேர். ஒற்றை என்ஜினில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். "அண்ணே, பாட்டரி போயிருக்கும்" என்றான் கூட வரும் தம்பி. மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். தவிர, பாட்டரி போயிருந்தால் கீழே இறங்குவதைவிட மேலே ஏறுவதற்குத்தானே முதலில் திணறும்?

'டக்' என்று கேட்டதால் சுவிட்ச், ஃபியூஸ் வரை சரி, ரிலேதான் (பொத்தான் அமுக்கினால் மோட்டாருக்குக் கரண்டைத் திருப்பிவிடும் சின்ன மின்சுவிட்ச்) என்று முடிவு செய்தேன். இந்த என்ஜினில் ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி ரிலே. இறக்கவில்லை என்றால் இறக்கும் ரிலே கெட்டிருக்கிறது. எளிய கணக்கு. போர்ட் பிளேரிலிருந்து புதுசு வரவழைக்க இரண்டு நாள். போட்டேன். அதே 'டக்'.

அப்போதுதான் ஊரில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாமாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏத்துற ரிலேயை மாத்துடா" என்றார். ஏறுவதுதான் ஒழுங்காக ஏறுகிறதே மாமா என்றேன். அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இது பதினைந்து வருஷம் தாமதமாகப் புரிந்தது.

டில்ட் மோட்டாருக்கு இரண்டே ஒயர், நீலமும் பச்சையும். சும்மா இருக்கும்போது இரண்டுமே ரிலே வழியாக எர்த்தில் கிடக்கும். ஏற்றினால் நீலத்துக்குக் கரண்ட் வரும், பச்சை எர்த்திலேயே இருக்கும். இறக்கினால் பச்சைக்குக் கரண்ட், நீலம் எர்த். ஆக, இறங்கும்போது நீலத்துக்கு எர்த் கொடுப்பது யார்? வேலையில்லாமல் ஓய்வில் இருக்கும் அந்த ஏற்றும் ரிலே. அதன் ஓய்வுப் பாயிண்ட் கருகிவிட்டால் கரண்ட் போய்ச் சேர வழியில்லை. இறக்கும் ரிலே பாவம், 'டக்' என்று தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டு ரிலேயையும் இடம் மாற்றிச் செருகினேன். இப்போது என்ஜின் இறங்கியது, ஏறவில்லை! தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கெட்டது எது என்று தெரிந்துபோயிற்று. அதை உடைத்துப் பார்த்தால் பாயிண்ட் கரிபிடித்து, ஓரத்தில் பச்சையாக உப்பு பூத்திருந்தது. புது ரிலே வீண் போகவில்லை, கெட்டதற்குப் பதிலாக அது ஏற்றத்துக்கு ஆயிற்று. கழற்றி டூல் பெட்டியில் எறிந்த பழைய இறக்கும் ரிலே நல்ல நிலையில்தான் இருந்தது. (ஏற்றமும் இறக்கமும் ஒரே டப்பாவில் வரும் என்ஜின்களில் இப்படி இடம் மாற்ற முடியாது, மீட்டர்தான் வழி.)


நிலாவெளி, திருகோணமலை

எங்கட கதையில 'டக்' இல்லை அண்ணை, 'ர்ர்ர்' என்று மோட்டார் நன்றாகச் சுத்தும். என்ஜின்தான் அசையாது. அந்த மோட்டார் ஒரு பம்பைச் சுத்தி, பம்ப் ஒயிலை அமுக்கித்தான் என்ஜினைத் தூக்கும். பம்ப் போய்விட்டது என்று நினைத்து, ஒயிலும் வாங்கி வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டலாம் என்று யோசித்தபடி இருந்தேன்.

முதல் நாள் பற்றரி இறங்கியிருந்ததால் மருமகன் கையாலேயே என்ஜினை இறக்கியிருக்கிறான். என்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அதற்குள் பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவர் விட்டால் ஒரு வால்வு. அதைத் தளர்த்தினால் ஒயில் தாராளமாகப் போய் வரும், கையால் ஏற்றி இறக்கலாம். தளர்த்தினவன் திரும்ப இறுக்கவில்லை. மோட்டார் சுத்துகிறது, ஒயில் சும்மா வட்டம் அடிக்கிறது. இறுக்கினேன், எழும்பிவிட்டது.

எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை ரிவேர்ஸ் போட்டபோது என்ஜின் தானாகவே பின்பக்கம் மேலே எழும்பியது. வால்வு திறந்திருந்தால் அப்படித்தான் எழும்பும், பிடித்து வைக்க அமுக்கம் இல்லையே. அதை அலையின் வேலை என்று விட்டுவிட்டேன்.


ஷார்ஜா (ஊர் குளச்சல் பக்கம்)

படகு பழுதுபார்க்கும் யார்டில் வேலை. இங்கே எங்களிடம் வருவதெல்லாம் மூன்றாவது வகை: ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் நிற்பதில்லை. ராத்திரி தூக்கி வைத்துவிட்டுப் போவார்கள், காலையில் வந்து பார்த்தால் பாதி இறங்கியிருக்கும். ஆயில் எங்கோ உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று அர்த்தம். நிலாவெளிக்காரர் சொன்ன அதே வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிய்ந்திருக்கலாம், உள்ளே ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வில் தூசி மாட்டியிருக்கலாம், அல்லது சிலிண்டர் சீல். நான் முதலில் பார்ப்பது சிலிண்டர் தண்டைத்தான். மேலே தூக்கியே வைத்த படகுகளில் தண்டு உப்புக்காற்றில் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். விரலால் தடவினால் சின்னச் சின்னக் குழி தட்டும். அந்தக் குழி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் சீலை அரம் மாதிரி அறுக்கும். சீல் மட்டும் மாற்றிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் அதே படகு திரும்ப வரும்.

ஆயில் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. என்ஜினை முழுக்கத் தூக்கி, தாங்குக் கொக்கியைப் போட்டு, அப்புறம்தான் ஆயில் மூடியைத் திறக்க வேண்டும். இறங்கிய நிலையில் திறந்தால் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது. ஆயில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெறும் நுரை என்றால் காற்றுதான், நாலைந்து தடவை முழுக்க ஏற்றி இறக்கி, நிரப்பினால் போதும்.

இன்னொன்று. 'டக்' கேட்டு, ரிலேக்களும் நல்லது என்றால், மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி நேராகப் பாட்டரியில் கொடுத்துப் பாருங்கள். ஒரு தரம் நேராக, ஒரு தரம் மாற்றி. அப்போதும் அசையவில்லை என்றால் மோட்டார்தான். போன வாரம் ஒன்றைப் பிரித்தேன். கவசத்தைக் கழற்றியதும் கைப்பிடி அளவு துரு கொட்டியது. காந்தம் ஒட்டுவிட்டுப் பெயர்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சரோடு சிக்கிக்கொண்டிருந்தது. ஓனர், "நேத்து வரைக்கும் ஓடிச்சே" என்றார். எல்லாரும் சொல்வதுதான்.

ஹேவ்லாக் அண்ணனுக்கு ஒரு கேள்வி: திராட்டில் கைப்பிடிப் பொத்தான், என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தான், இரண்டையும் அமுக்கிப் பார்த்தீர்களா?


ஹேவ்லாக், அந்தமான்

அன்றைக்கு இரண்டிலும் அதே கதைதான் தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட நேரம், இன்று காலை வலது என்ஜின் படுத்தது. கைப்பிடிப் பொத்தானில் சத்தமே இல்லை, 'டக்' கூட இல்லை. என்ஜின் மேல் இருக்கும் பொத்தானை அமுக்கினால் அழகாக ஏறுகிறது. அப்படியானால் ரிலே, மோட்டார், ஆயில் எதையும் தொட வேண்டியதில்லை. கைப்பிடி மடங்கும் இடத்தில் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வெளி உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து ரப்பர் மாதிரி நீள்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை முன்னும் பின்னும் தள்ளுகிறோம்!

இப்போதைக்குப் பற்றவைத்து டேப் சுற்றியிருக்கிறேன். பதினொரு மணிக்கு ஆள் வருகிறது, ஏறுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.