ஃப்ரிஞ்ச், பப் தியேட்டர்: தமிழில் என்ன? (திங்கள் அச்சுக்குப் போகிறது, அவசரம்)

அரும்பு, செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். முதுகலை நாடகவியல் பாடநூலுக்காக லண்டன் சிற்றரங்குகள் பற்றிய அத்தியாயத்தை மொழிபெயர்க்கிறேன். ஃப்ரிஞ்ச், பப் தியேட்டர் (மதுக்கடையின் மாடியிலோ பின்னறையிலோ இருக்கும் சிற்றரங்கு) என்ற இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். முதல் வரைவில் 'விளிம்பு நாடகம்', 'மதுக்கடை நாடகம்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "விளிம்புநிலை மக்களைப் பற்றிய நாடகமா மேடம்? அடுத்தது மதுவிலக்குப் பிரச்சாரமா?" என்று கேட்டாள்.

கதை இதுதான். 1947இல் எடின்பரோவில் சர்வதேச விழா தொடங்கியபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர் பத்திரிகையில் எழுதும்போது அதிகாரபூர்வ விழாவின் 'ஃப்ரிஞ்ச்' என்று போகிறபோக்கில் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த விழாவுக்கும் அதே பெயர். லண்டனில் வெஸ்ட் எண்ட் பெரிய கொட்டகைகளுக்கு வெளியே நடக்கும் சிறிய நாடகங்களுக்கும் அதே பெயர். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். துணியின் ஓரத்துக் குஞ்சம்தான் மூலப்பொருள், ஆனால் 'குஞ்ச நாடகம்' என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

தெருவிளக்கு, செவ்வாய் காலை

ஃப்ரிஞ்ச், பப் இரண்டையும் அப்படியே எழுதிவிட்டு, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள். மென்பொருள் மொழிபெயர்ப்பில் 'உலாவி' நிலைத்ததற்குக் காரணம் பொத்தானில் இடம் போதாததுதான். புலவர் குழு கூடியதால் அல்ல.

ஓலைச்சுவடி, செவ்வாய் மாலை

> அப்படியே எழுதிவிட்டு

அப்படியே எழுதிவிடுவதற்கு இந்தக் குழுமம் எதற்கு, தம்பி? இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் 'வேத்தியல் பொதுவியல் என்றிரு திறத்தின்' என்கிறார். வேந்தன் முன் ஆடுவது வேத்தியல், பிறர் முன் ஆடுவது பொதுவியல். அழைப்போடு நடந்த விழா வேத்தியல். அழைப்பில்லாமல் வந்த எண்மரும் ஆடியது பொதுவியல்.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். பொது + இல்: பொதுவில், பொதியில். பட்டினப்பாலையில் 'வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்' வருகிறது. ஊருக்குப் புதியவர் வந்து தங்கும் பொதுவிடம். ஆகவே 'பொதியில் அரங்கு'. அம்மா அரும்பு, அச்சுக்குக் கொடுக்கலாம்.

தெருவிளக்கு, செவ்வாய் இரவு

'பொதியில் அரங்கு' என்று படித்தால், பொதிகை மலையில், பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவிப் பக்கம் சுற்றுலாத் துறை ஏதோ திறந்தவெளி அரங்கம் கட்டியிருக்கிறது என்றுதான் நினைப்பேன்.

தேம்ஸ் நாரை, புதன் காலை

வணக்கம். நான் லண்டனில இருபத்தெட்டு வருசம். இந்த இடங்களுக்கு மாதம் ஒருக்காவது போறனான், அதால சொல்லுறன். ஐயா கோவிக்கக் கூடாது. வெஸ்ட் எண்டிலயும் ரிக்கற் எடுத்துத்தான் உள்ள போகவேணும், அங்க வேந்தர் ஒருத்தரும் இல்லை. அதைவிட, ஐம்பது பேர் மட்டும் பாக்கிற நாடகத்தைப் போய் 'பொதுவியல்' எண்டால் எப்பிடி?

ஹைபரிச் சந்தியில ஹென் அண்ட் சிக்கன்ஸ் எண்டொரு பப். மேல்மாடியில 54 கதிரை, அவ்வளவுதான். ஜூலை மாதம் பகிடிக்காரர் எல்லாம் ஆகஸ்ட் எடின்பரோவுக்குப் போக முன்னம் இப்பிடியான இடங்களில வெள்ளோட்டம் விடுவினம். ஒரு மணித்தியாலம். கையில கடதாசி இருக்கும். ஒரு பகிடிக்குச் சனம் சிரிக்காட்டி எங்களுக்கு முன்னாலயே பேனையால வெட்டுறவையும் இருக்கினம். பிறகு அந்த வெட்டினதுக்குத்தான் சிரிப்பு வரும். கீழ பாரில வாங்கின பியரைக் கையில கொண்டே மேல ஏறலாம். முன்வரிசையில இருந்தால் கால் நீட்ட ஏலாது, நீட்டினால் அது மேடை.

இந்தப் பியர் சின்ன விசயம் இல்லை. இங்கத்தைய 1843 நாடகச் சட்டம் இதைத்தான் பிரிச்சு வைச்சது. நாடகக் கொட்டகை எண்டால் சனம் இருக்கிற மண்டபத்துக்குள்ள குடி இல்லை. குடிச்சுக்கொண்டு பாக்கிற இடமெண்டால் முழு நாடகம் இல்லை, பாட்டும் பகிடியும்தான். மியூசிக் ஹால் வளந்தது அந்தப் பக்கத்திலதான். 1970இல இஸ்லிங்டன் கிங்ஸ் ஹெட் பப்பின்ர பின்னறையில டான் க்ராஃபோர்ட் நாடகம் போடத் தொடங்கினார். ஷேக்ஸ்பியர் காலத்துச் சத்திர முற்றங்களுக்குப் பிறகு லண்டனுக்கு இதுதான் முதல் பப் அரங்கு எண்டு சொல்லுவினம். அந்தப் பாரில இன்னொரு புதினம்: 1971இல நாடு முழுக்கப் புதுக் காசுக்கு மாறின பிறகும் கனகாலம் பழைய சிலிங் கணக்கிலதான் விலை சொன்னவை.

ஆனபடியால் நான் சொல்லுற சொல் 'தவறணை அரங்கு'. ஊரில கள்ளுத் தவறணை எண்டு சொல்லுறம்தானே. போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போன சொல், நானூறு வருசமாய் எங்கட வாயில கிடக்கு.

அரும்பு, புதன் காலை

நாரை அண்ணா, அருமையான சொல். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மாணவி 'தவறு + அணை' என்று பிரித்து, "தவறுகளைத் தடுக்கும் அணையா மேடம்?" என்றாள். இலங்கைப் பதிப்பு என்றால் யோசிக்காமல் போட்டிருப்பேன்.

'மது அருந்தகம்' என்றும் ஒருவர் தனிமடலில் சொன்னார். இங்கே பார் என்றாலே டாஸ்மாக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, நெகிழித் தம்ளர், மிக்சர் பொட்டலம். அதற்கு மேல்மாடியில் நாடகம் என்றால் மாணவர் மனத்தில் என்ன விரியும்?

கட்டியங்காரன், புதன் இரவு

நல்லாத்தான் விரியும், ஏன் விரியக் கூடாது? நாங்க ஆடுற இடத்துலயும் சாராய வாசனை வரத்தான் செய்யும், யாரும் அதுக்குக் கலைச்சொல் தேடல.

தனியா நின்னு சிரிக்க வைக்கிறதுக்கும் பேர் வேணும்னு அரும்பு அக்கா அடுத்த மடல்ல கேப்பாங்க, இப்பவே சொல்லிடறேன். கூத்துல கட்டியங்காரன் வந்து முன்வரிசைப் பெரிய மனுசனையே கிண்டல் பண்ணுவான். தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகத்துல ராஜா ராணி வர்றதுக்கு முன்னாடி பபூன் தனியா மேடைய எடுத்துக்குவான், கூட்டம் செட்டாகிற வரைக்கும் விடமாட்டான். எழுதி வச்ச பிரதி கிடையாது. 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் பிரதி கேக்கலாம்னு அதிகாரிக்கு உரிமை குடுத்துச்சு, பபூன்கிட்ட கேட்டா வாயத்தான் காட்டணும். லண்டன்காரன் செய்யறத 'பபூன் மேடை'ன்னு சொல்லுங்க, மதுரைப் பக்கம் பாட்டிக்குக்கூடப் புரியும்.

தேம்ஸ் நாரை, புதன் இரவு

உங்களுக்கு 1876 எண்டால் இங்க 1968 மட்டும் கதை அதுதான். மேடை ஏற முன்னம் லார்ட் சேம்பர்லேன் எண்ட அரண்மனை அதிகாரியின்ர அலுவலகம் பிரதியைப் படிச்சு வெட்ட வேண்டியதை வெட்டித் தரும். அந்தத் தணிக்கை போனாப் பிறகுதான் இந்தச் சின்ன இடங்கள் மளமளவெண்டு வந்தது. 1972இல ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில ஒரு பப்புக்கு மேல புஷ் தியேட்டர், 1979இல இஸ்லிங்டனில ஓல்ட் ரெட் லயன். புஷ் 2011இல பழைய நூலகக் கட்டடத்துக்கு மாறிட்டுது. கிங்ஸ் ஹெட்டும் 2024இல பின்னறையை விட்டுப் புது இடத்துக்குப் போட்டுது. பப்பை விட்டுப் போனாப் பிறகும் அது பப் தியேட்டரோ? உங்கட சொல் இதுக்கும் மறுமொழி சொல்ல வேணும்.

ஓலைச்சுவடி, வியாழன் காலை

'பபூன்' பாட்டிக்குப் புரியும் என்பதற்காகத் தமிழாகிவிடாது. சிலம்புக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் வினோதக் கூத்தை ஆறாக எண்ணிவிட்டு, நகைத்திறச்சுவையோடு ஏழு என்பாரும் உளர் என்கிறார். விதூடகக் கூத்து அது. 'நகைத்திறக் கூத்து' என்ற சொல் நம் கையில் இருக்கிறது.

கட்டியங்காரன், வியாழன் காலை

புலவரய்யா, அங்க வர்ற சூத்திரத்தையும் சேத்துப் போடுங்க. 'எழுவகைக் கூத்தும் இழிகுலத்தோரை ஆட வகுத்தனன் அகத்தியன் தானே.' முந்தாநேத்து நீங்க எடுத்துக் குடுத்த பொதியில்ல இருக்கிறவருதான் இப்படி வகுத்தாராம். சொல்ல எடுத்துக்கலாம், எந்த வீட்டுப் பரண்ல இருந்து எடுக்கறோம்னு பாத்து எடுக்கணும். எங்க தாத்தா ஆடினது அந்த ஏழுல ஒண்ணு.

ஓலைச்சுவடி, வியாழன் பகல்

உண்மை. அந்த அடியை நான் விட்டது சரியில்லை. சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் நாரையார் 'கால் நீட்டினால் மேடை' என்றாரே, அதைப் படித்ததிலிருந்து வேறொன்று மனத்தில் ஓடுகிறது. சிலம்பின் அரங்கு 'எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து'. கோல் என்பது இருபத்து நால்விரல். விரலைப் பெருவிரலாகக் கொண்டால் கோல் ஏறக்குறைய 2 அடி. மேடை 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி. மாதவி ஆடியது இவ்வளவு இடத்தில்தான். இதில் மூன்று எழினி (திரை), இரண்டு வாயில், தூணின் நிழல் விழாதபடி விளக்கு வேறு. லண்டன் மாடியின் அளவு என்ன, நாரையார் சொல்ல முடியுமா?

தேம்ஸ் நாரை, வியாழன் இரவு

அளவுநாடா கொண்டு போறேல்லை ஐயா. ஆனால் நீங்கள் சொல்லுற 14க்கு 16 எண்டால் எனக்குத் தெரிஞ்ச சில இடங்களுக்கு அது மாளிகை. எழினி ஒண்டும் இல்லை. கறுப்புச் சுவர், கதவு ஒண்டு, அந்தக் கதவாலதான் நடிகரும் வரவேணும், நாங்களும் கழிவறைக்குப் போகவேணும்.

தெருவிளக்கு, வெள்ளி காலை

மூன்று நாள் இருக்கிறது. மாதவியின் மேடை அளந்தாகிவிட்டது. வாக்கெடுப்பு வைக்கலாமா? என் பரிந்துரை 'ஓர அரங்கு', 'பப் அரங்கு'. எல்லோருக்கும் புரியும், யாருக்கும் பிடிக்காது.

ஓலைச்சுவடி, வெள்ளி காலை

'ஓரம்' வேண்டாம். ஓரம் சொல்வது என்றால் நடுநிலை தவறுவது. 'மன்றோரஞ் சொன்னார் மனை' என்கிறது நல்வழி. அந்த மனையில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும். அரங்கத்துக்கு இந்தப் பெயரா?

அரும்பு, வெள்ளி மாலை

ஐயா, அப்படிப் பார்த்தால் சாலையோரம், கடலோரம் எல்லாவற்றிலும் எருக்கு முளைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த எட்டுக் குழுக்களில் ஒன்று ஆடியது டன்ஃபர்ம்லின் மடாலயத்தில். அது எடின்பரோவின் ஓரம்கூட இல்லை, கடற்கழிக்கு அந்தப் பக்கம் வேறு ஊர். இடத்தால் ஓரம் என்பதைவிட, கூப்பிடாமல் வந்தார்கள் என்பதுதான் முக்கியம். இன்றும் அந்த விழாவில் யார் நாடகம் போடலாம் என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு கிடையாது. இடம் பிடித்தவர் ஆடலாம். அதைச் சொல்லும் சொல் இருக்கிறதா?

ஓலைச்சுவடி, சனி அதிகாலை 4:10

இருக்கிறது. தூக்கம் வரவில்லை, எழுந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நானே எடுத்துக் காட்டிய அடியில் இருந்தது. 'பொதியிலை'ப் பார்த்தேன், அதற்கு முன்னால் நின்ற 'வம்பலரை'ப் பார்க்கவில்லை.

'வம்பு நிலையின்மை' என்கிறது தொல்காப்பியம். வம்பலர் என்றால் புதிதாய் வந்தவர், தங்கிப்போகிறவர். குறுந்தொகை 66 எல்லோருக்கும் தெரியும். கார்காலம் வருமுன் காலமல்லாக் காலத்தில் ஒரு மழை பெய்கிறது. 'வம்ப மாரியைக் கார் என மதித்தே' மடக் கொன்றை பூத்துவிடுகிறது. அழையாமல் வந்து, முறை தப்பிப் பெய்து, நிலைக்காமல் போகும் மழை. ஆகஸ்ட் மாதம் வந்து, பப்பின் பின்னறையில் கூத்தாடிவிட்டு, செப்டம்பரில் இருக்காது. வம்பு + அரங்கு: வம்பரங்கு. விழாவுக்கும் ஆகும், லண்டன் மாடிக்கும் ஆகும். பப்பை விட்டு வெளியேறினாலும் பெயர் மாறத் தேவையில்லை.

தெருவிளக்கு, சனி காலை

வம்பளக்கும் அரங்கு என்று படிப்பார்கள்.

தேம்ஸ் நாரை, சனி காலை

படிக்கட்டுமே! பகிடிக்காரர் முன்வரிசைச் சனத்தை 'என்ன வேலை செய்யுறீர்' எண்டு கேட்டு வம்புக்கு இழுக்கிறதுதானே பாதி நேரமும் நடக்குது. லிட்டில் வெனிஸில ஒரு பப்புக்கு மேல இருக்கிற கனால் கஃபே தியேட்டரில நியூஸ்ரெவ்யூ எண்டொரு நிகழ்ச்சி போகுது, 1979இல தொடங்கினது. அந்தக் கிழமைச் செய்தியை வைச்சுப் பாட்டும் நையாண்டியும், கிழமைக்குக் கிழமை மாறும். பழைய கருத்தும் சரி, இப்பத்தையக் கருத்தும் சரி, இரண்டும் அங்க பொருந்தும். தவறணையை விட்டிட்டன், என்ர வாக்கு வம்பரங்குக்கு.

கட்டியங்காரன், சனி பகல்

எனக்கும் புடிச்சிருக்கு. ஆனா பரீட்சைல 'வம்பரங்கு பற்றி எட்டு மதிப்பெண் அளவில் விடை தருக'ன்னு வந்தா பசங்க ஏதாவது டிவி விவாதத்தப் பத்தி எழுதி வச்சிடுவாங்க. ஓர அரங்குக்குப் போடறேன், அரைமனசா.

அரும்பு, ஞாயிறு இரவு

எண்ணிவிட்டேன். தனிமடல்களையும் சேர்த்து ஓர அரங்கு 7, வம்பரங்கு 4, ஃப்ரிஞ்ச் என்றே விடுக 3. வேத்தியல்–பொதுவியல் 1 (வாக்களித்தவர் சனிக்கிழமைக்கு முந்தைய மடலோடு படிப்பதை நிறுத்திவிட்டார் போல). பப் அரங்குக்கு யாரும் எதிர்ப்பில்லை, ஆதரவும் இல்லை. பாடத்தின் உடலில் 'ஓர அரங்கு', 'பப் அரங்கு' என்று வைத்து, அடிக்குறிப்பில் வம்பரங்கையும் குறுந்தொகையையும் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. ஐயா, தூங்குங்கள்.

அரும்பு, புதன் காலை

மெய்ப்பு வந்தது. பக்கம் மிகுகிறது என்று அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

தேம்ஸ் நாரை, புதன் காலை

ஓரத்திலயும் இடமில்லையோ?

ஓலைச்சுவடி, புதன் பகல்

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மேலும், 'ஓரம்' எந்த வேரிலிருந்து வந்தது என்று இந்த ஒரு வாரத்தில் யாரும் கேட்கவில்லை. ஞாயிறு விரிவாக எழுதுகிறேன்.