பால்பல்லில் வெள்ளைக் கோடு, ஃப்ளோரைடு பேஸ்ட் தரலாமா?

தருமபுரி அம்மா:
மகனுக்கு 14 மாதம். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு தெரிகிறது. ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியேதான் தூங்குகிறான். மாமியார் "விழப்போற பல்லுதானே, விடும்மா" என்கிறார். ஃப்ளோரைடு பேஸ்ட் வாங்கலாம் என்றால் எங்கள் பக்கம் போர் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், பயமாக இருக்கிறது. இப்போதே பல் டாக்டரிடம் காட்டலாமா, இன்னும் கொஞ்சம் வளரட்டுமா?

குழந்தைப் பல் மருத்துவர்:
இந்த வாரமே காட்டிவிடுங்கள் சகோதரி. முதல் பிறந்தநாளுக்குள்ளேயே ஒரு தடவை காட்டுவது நல்லது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் சொத்தையின் ஆரம்பம், குழி விழாதவரை சரிசெய்ய வழி உண்டு. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும், கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கின்றன. பாலைக் கொடுத்து, பல்லைத் தேய்த்துவிட்டு, அப்புறம் தூங்க வையுங்கள். நடுராத்திரி கேட்டால் தண்ணீர் மட்டும். முன்பல் 6, 7 வயதில் விழும், உண்மைதான். ஆனால் பின்னால் வரும் பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை, சொத்தையாகி முன்பே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போய்விடும்.

கிருஷ்ணகிரி அப்பா:
தண்ணீர் பயம் நியாயமானது, நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். பல்லில் கறை படிவது விழுங்குகிற ஃப்ளோரைடால், அதுவும் நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற முதல் 8 வருடத்தில். அதனால் குடிக்க, சமைக்க, பால் பவுடர் கலக்க போர் தண்ணீரை எடுக்காதீர்கள், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவே கூடாது. பேஸ்ட் 3 வயது வரை அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு, அதையும் துப்பப் பழக்க வேண்டும். தண்ணீர் ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

சேலம் அக்கா:
6 வயதையும் குறித்து வைத்துக்கொள் தங்கச்சி. அப்போது எந்தப் பல்லும் விழாமலே பல் வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும், நிறைய வீடுகளில் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆயுசுக்கும் அந்தப் பல்தான்! முளைத்ததும் அதன் பள்ளங்களில் சீலன்ட், அதாவது சொத்தை வராமல் பள்ளத்தை மூடுகிற பூச்சு, போடச் சொல், ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை. 12 வயதில் அடுத்த கடைவாய்ப்பல், அதற்கும் இதேதான். ஹாஸ்டலுக்குப் போகிற வயதில்தான் ராத்திரி பல் தேய்ப்பது முதலில் நிற்கிறது, கூல்டிரிங்க்ஸும் கூடுகிறது, ஞானப்பல் எட்டிப்பார்ப்பதும் அந்தச் சமயத்தில்தான், அதனால் வலி இல்லாவிட்டாலும் லீவில் வரும்போது ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.