உதவி: கலர் சாவி, சிப் பொறுக்கும் பையன்; பழைய விண்டோஸ் கேம் புது லேப்டாப்பில் ஓட மாட்டேன் என்கிறது

நாகலூர்_மிளகு:
வணக்கம். ஏற்காடு நாகலூரிலிருந்து கேட்கிறேன். எங்கள் பெரியப்பா எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஆபீஸ் செலவில் சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனார். டேலி கற்றாரோ இல்லையோ, அங்கே இருந்த ஒரு கேமைக் கற்றுக்கொண்டு வந்தார். அதை இப்போது மறுபடி விளையாட வேண்டுமாம்.

மேலிருந்து பார்க்கிற மாதிரி கட்டம் கட்டமான தரை. ஒரு சின்னப் பையன் கம்ப்யூட்டர் சிப்புகளைப் பொறுக்க வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாவியும் கதவும். வலது பக்கம் நேரம் குறைந்துகொண்டே வரும். பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பர்ன் செய்து எடுத்த ஒரு சிடி இருக்கிறது. வெளி டிரைவ் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் கேம் ஃபோல்டர் உள்ளே இருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் 'இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது' என்று வருகிறது. விண்டோஸ் 11. ரைட் கிளிக்கில் கம்பேட்டிபிலிட்டி மோடும் பார்த்தாயிற்று, பலன் இல்லை. பழைய கேம் இலவசம் என்று போட்டிருந்த ஒரு தளத்துக்குப் போனால் ஒரு பக்கத்தில் நாலைந்து டவுன்லோட் பட்டன். இறங்கிய ஃபைலைப் பார்த்ததும் ஆன்டிவைரஸ் கத்தியது, அழித்துவிட்டேன்.

இன்னொன்று: மழையும் மூட்டமும் சேர்ந்தால் இங்கே சிக்னல் படுத்துவிடும். பிரவுசரில் ஆடுகிற மாதிரி வழி சொன்னால் பிரயோஜனம் இல்லை.

சூரமங்கலம்_சிவா:
சோகோபான் ஆக இருக்கலாம். கிடங்கில் பெட்டியைத் தள்ளிக் குறித்த இடத்தில் சேர்க்கிற ஜப்பான் கேம், 1982. தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஒரு பெட்டி மூலையில் மாட்டினால் அவ்வளவுதான், முதலிலிருந்து.

நாகலூர்_மிளகு:
பெரியப்பாவிடம் கேட்டேன். பெட்டி தள்ளுவது இதிலும் உண்டாம், ஆனால் தண்ணீரில் தள்ளினால் அந்த இடம் சேறாகி நடக்க வழி கிடைக்குமாம். நெருப்பில் நடக்க ஒரு பூட்ஸ், ஐஸில் போக ஒரு ஷூ. நடுவில் ஒரு திருடன் நிற்பான், அவன் மேல் மிதித்தால் எல்லா பூட்ஸையும் பிடுங்கிக்கொள்வான். தண்ணீரில் விழுந்தால் 'நீந்த முடியாது' என்று கிண்டலாக ஒரு பெட்டி வரும். இதைச் சொல்லும்போதே சிரிக்கிறார்.

கோரிமேடு_லேப்:
திருடன் என்றதும் சந்தேகமே இல்லை. அது சிப்ஸ் சேலஞ்ச். சக் சோமர்வில் என்பவர் 1989இல் அட்டாரி லிங்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காகச் செய்தது. பிறகு மைக்ரோசாஃப்டின் என்டர்டெயின்மென்ட் பேக் என்ற கேம் தொகுப்பு வழியாக விண்டோஸுக்கு வந்தது. நம் ஊர் கிளாஸ்களில் இருந்தது அந்த விண்டோஸ் பதிப்புதான்.

ஏன் ஓடவில்லை என்றால், அது 16 பிட் என்ற பழைய காலத்து வகை புரோகிராம். 64 பிட் விண்டோஸில் 16 பிட்டை ஓட்டுகிற பகுதியே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10 வரை அது இருந்தது, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே வரவில்லை. கம்பேட்டிபிலிட்டி மோட் பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கத்தான் செய்யும், இல்லாத பகுதியை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதனால் அந்த மெனுவை விட்டுவிடுங்க. அதே கேமை வேறு தளத்திலிருந்து இறக்கினாலும் இதே கதைதான்.

சிடி ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது? குறிப்பாக சிப்ஸ் டாட் டிஏடி (CHIPS.DAT) இருக்கிறதா?

நாகலூர்_மிளகு:
இருக்கிறது. நூறு கேபி சொச்சம். கூடவே சிப்ஸ் டாட் இஎக்ஸ்இ (CHIPS.EXE), ஒரு டிஎல்எல் (DLL), சில சவுண்டு ஃபைல்கள்.

கோரிமேடு_லேப்:
அப்படியானால் பாதி வேலை முடிந்த மாதிரி. லெவல்கள் எல்லாம் அந்த டிஏடி ஃபைலுக்குள்தான் இருக்கின்றன. இஎக்ஸ்இ வெறும் ஓட்டுநர். ஓட்டுநரை மாற்றிவிடலாம்.

டைல் வேர்ல்டு என்று ஒரு இலவச, திறமூல (ஓப்பன் சோர்ஸ்) புரோகிராம் உண்டு. சிப்ஸ் சேலஞ்ச் ஆடுவதற்கென்றே எழுதியது, இன்றைய விண்டோஸில் நேராக ஓடும். மூல லெவல்களுக்குப் பதிப்புரிமை இருப்பதால் அதனுடன் அவை வராது, நாமே கொண்டுவர வேண்டும். உங்களிடம் சிடியில் இருக்கிறதே, அது போதும்.

டைல் வேர்ல்டின் இரண்டாம் பதிப்பை எடுங்க. பிட் பஸ்டர்ஸ் கிளப் என்று இந்த கேமின் ரசிகர்கள் ஒரு தளம் நடத்துகிறார்கள், அங்கே கிடைக்கும். (கேமின் கதையில் சிப் என்ற பையன் சேர ஆசைப்படுகிற கிளப்பின் பெயரும் அதுதான்.) சின்ன ஃபைல்தான். சேலத்துக்கு இறங்கும்போது இறக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போய்விடலாம். ஜிப்பை விரித்து, உள்ளே டேட்டா என்ற ஃபோல்டரில் உங்கள் சிப்ஸ் டாட் டிஏடியைக் காப்பி செய்யுங்க. புரோகிராமைத் திறந்தால் லெவல் பட்டியலில் சிப்ஸ் என்று வரும். அதே பட்டியலில் எம்எஸ், லிங்ஸ் என்று இரண்டு விதிமுறை காட்டினால் எம்எஸ் எடுங்க. லிங்ஸில் பையன் வழுக்கிக்கொண்டு நகர்வான், எம்எஸ்ஸில் கட்டத்துக்குக் கட்டம் டக் டக்கென்று தாவுவான். பெரியப்பா கை பழகியது தாவுகிற விதத்துக்கு. தப்பான விதியில் ஆடினால் 'இது அந்த கேம் இல்லை' என்று எழுந்து போய்விடுவார்.

குகை_பிரபு:
16 பிட் புரோகிராம்களை ஓட்டுகிற வைன்விடிஎம் (winevdm) போட்டால் அந்தப் பழைய இஎக்ஸ்இயே 64 பிட்டில் ஓடும். நான் அப்படித்தான் செய்தேன்.

கோரிமேடு_லேப்:
ஓடும், அதுவும் இலவசம்தான். மற்ற 16 பிட் கேம்களும் வேண்டும் என்றால் அதுதான் சரி. இந்த ஒரு கேமுக்கு மட்டும் என்றால் டைல் வேர்ல்டு சுலபம். பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமில் விண்டோஸ் 3.1ஐ ஏற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. பெரியவர் ஒருவர் தினம் திறந்து மூடுவதற்கு அது வேண்டாத வேலை.

அம்மாபேட்டை_அருண்:
நடுவில் ஒரு சின்ன டவுட், மன்னிக்கவும். டாஸ்பாக்ஸில் ஒரு பழைய கேம் ராக்கெட் வேகத்தில் பறக்கிறது, என்ன செய்வது?

குகை_பிரபு:
கண்ட்ரோல் எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 கூட்டும். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல் எஃப்10.

சூரமங்கலம்_சிவா:
இலவசம் தேடி வருகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அபாண்டன்வேர்' (கைவிடப்பட்ட சாஃப்ட்வேர்) என்று போட்டிருந்தால் இலவசம் என்று அர்த்தம் இல்லை. கம்பெனி விற்பதை நிறுத்தினாலும் உரிமை போகாது. உண்மையாகவே இலவசமாக விட்டவை தனி. புதிர் பிடிக்கும் என்றால் சைமன் டாதம் என்பவரின் புதிர்த் தொகுப்பைப் பாருங்க. திறமூலம், விளம்பரம் இல்லை, விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் நெட் இல்லாமல் ஓடும். அதில் மைன்ஸ் என்று மைன்ஸ்வீப்பர் மாதிரி ஒன்று இருக்கிறது. குருட்டாம்போக்கில் அழுத்தாமல், யோசித்தே முடிக்கிற மாதிரிதான் ஒவ்வொரு பலகையையும் போடும். பழைய விண்டோஸ் மைன்ஸ்வீப்பரில் கடைசி இரண்டு கட்டத்தில் 'இதுவா அதுவா' என்று செத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நல்ல நெட் இருக்கிறவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். டாஸ் கேமும் விண்டோஸ் 3.1 கேமும் பிரவுசருக்குள்ளேயே திறக்கும், எதையும் இறக்க வேண்டாம். மலைக்கு மேலே அது சரிப்படாது.

தளங்களைப் பற்றி: அந்தக் காலத்து டாஸ் புதிர் கேம் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஃபிளாப்பிக்குள் அடங்கும். ஒரு ஃபிளாப்பி 1.44 எம்பி. அதற்கு 'இன்ஸ்டாலர்' என்று 60 எம்பி இறங்கினால் உள்ளே இருப்பது கேம் இல்லை.

நாகலூர்_மிளகு:
ஓடிவிட்டது! நேற்று அஸ்தம்பட்டியில் ஒரு வேலை, அப்படியே நண்பர் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு வந்தேன். முதலில் 'தெரியாத வெளியீட்டாளர்' என்று விண்டோஸ் மிரட்டியது, விவரம் பார்த்து அனுமதித்தேன். டிஏடி ஃபைலைப் போட்டதும் பட்டியலில் வந்துவிட்டது. எம்எஸ்தான்.

இன்னொரு கேள்வி. பெரியப்பா பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், நீல மையில், வரிசையாக நான்கெழுத்து ஆங்கில வார்த்தைகள் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு லெவலின் பாஸ்வேர்டாம். ஒன்று இரண்டு எழுத்து மழை ஈரத்தில் ஊறிப் போயிருக்கிறது. புது புரோகிராமில் அவை செல்லுமா?

கோரிமேடு_லேப்:
செல்லும். பாஸ்வேர்டுகளும் அதே டிஏடி ஃபைலுக்குள் இருப்பவைதான், மாறியிருக்காது. லெவலுக்குத் தாவுகிற மெனுவில் போட்டுப் பாருங்க. ஊறிப்போன லெவலுக்கு அதற்கு முந்தைய லெவலிலிருந்து ஆடினால் பாஸ்வேர்டைத் திரையே காட்டும்.

மொத்தம் 149 லெவல். அதை முடித்துவிட்டார் என்றால் டைல் வேர்ல்டுடனேயே ரசிகர்கள் செய்த தொகுப்புகள் வருகின்றன, சிசிஎல்பி (CCLP) என்று தொடங்கும். ஒவ்வொன்றிலும் 149. சிசிஎல்பி1 முதலில், அது புதியவர்களுக்கும் ஆடும்படி செய்தது. சிசிஎல்பி3ஐ மட்டும் கடைசியில் காட்டுங்க, அதில் சில லெவல் ஆளைக் கொன்றுவிடும்.

குகை_பிரபு:
பர்ன் செய்த சிடிக்கு ஆயுள் அதிகம் இல்லை. டிரைவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வையுங்க. டிஏடி போனால் டைல் வேர்ல்டு இருந்தும் மூல லெவல் இல்லை.

நாகலூர்_மிளகு:
லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று எடுத்தாயிற்று. பாஸ்வேர்டும் வேலை செய்கிறது, நோட்டில் இருக்கிற கடைசி வார்த்தை போட்டால் 88வது லெவல் திறக்கிறது. கோரிமேடு அண்ணாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்க்கிறேன்.