பி.எஸ்.எஃப். புழுத் தொட்டி: மழைக்காலத்தில் கவனிக்கவேண்டியது (சுங்கை சிப்புட், மலேசியா)

அண்ணன்: சமையல் கழிவைத் தின்ன பி.எஸ்.எஃப். (Black Soldier Fly, கறுப்புச் சிப்பாய் ஈ) புழு வளர்க்கும் தொட்டி நாறினால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். கழிவை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் அடியில் காற்றில்லாமல் புளித்துவிட்டது என்று அர்த்தம். தர்ப்பூசணித் தோல், கஞ்சி, மிச்சக் குழம்பு போடுகிற அன்று உலர்ந்த மரத்தூளோ தேங்காய்நார்த் தூளோ சேர்த்துக் கிளறியே ஆகவேண்டும். அடுக்கு நாலு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். 10,000 புழுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ போதும். மிஞ்சினால் குவியல் சூடேறும். 45 பாகை செல்சியசைத் தொட்டால் புழு கூட்டமாக வெளியே ஓடும். வாழையிலை, கரும்புச் சக்கையை இதில் போடாதீர்கள், நாரை அவை தின்னாது.

தம்பி: அண்ணே, முட்டையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தாய் ஈ கழிவுக்குள் முட்டையிடாது. வாடை வரும் இடத்துக்குப் பக்கத்தில் உலர்ந்த இடுக்கைத்தான் தேடும். அட்டைப் பெட்டியை நெளிவுத் துளை தெரிய மூன்று விரல் அகலத்தில் வெட்டி, நாலைந்து துண்டைச் சேர்த்துக் கட்டி, கழிவுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள். துளைக்குள் வெளிர்மஞ்சளாக, ரவையைவிடச் சின்னதாக ஒட்டியிருப்பதுதான் முட்டை. ஓர் ஈ ஏறக்குறைய 500 இடும். நம் வெயிலுக்கு நாலு நாளில் பொரிந்துவிடும். சாரலில் அட்டை நனைந்தால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் போச்சு. குளவி மாதிரி இருக்கிறதென்று ஈயை அடித்துவிடாதீர்கள், அது கொட்டாது.

அண்ணன்: தம்பி சொன்ன சாரல் இன்னொன்றும் செய்யும். பருவம் முடிந்து கருத்த புழுதான் தானாக வெளியேறும். அதற்கு 35 பாகைச் சாய்வில் ஒரு பலகையும் முனையில் வாளியும் வைக்கிறோம். தொட்டிச் சுவர் நனைந்துவிட்டாலோ, இன்னும் முதிராத வெள்ளைப் புழுகூட நெட்டுக்குத்தாக ஏறிவிடும்! அக்டோபர், நவம்பர் பிற்பகல் மழைக்குக் கூரைத் தகரம் நாலு பக்கமும் இரண்டு அடி நீளவேண்டும். உள்சுவரின் மேல்விளிம்பில் மரத்தூள் தூவி வையுங்கள். எறும்புக்கு, தொட்டிக் கால்களைச் சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அடியில் சேரும் கறுப்பு எருவைச் சுடச்சுடக் கறிவேப்பிலைக்குப் போட்டால் வேர் வெந்துவிடும்; நாலு வாரம் நிழலில் ஆறவைத்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு மண் கலந்து போடுங்கள்.