தென்னாப்பிரிக்காவின் டர்பன் தாழ்நிலங்களில் வெள்ளம்: நேரில் பட்டவர்கள் சொல்லுங்கள்

இசிப்பிங்கோவிலிருந்து:

2022 ஏப்ரல் 11 ராத்திரி. அந்த வாரம்தான் பெரிய வெள்ளி, எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா வாரம். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்றுதான் சாக்குகளை அடுக்கி வைத்திருந்தோம். வந்ததோ குளியலறைத் துவாரம் வழியாக, கருப்பாகக் குமிழியிட்டுக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது. ஆயாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினோம். கீழே போட்டிருந்த அவர் மாத்திரை டப்பாவைப் பற்றித்தான் விடியும்வரை பேச்சு.

சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் பார்த்தால் பெரிய பெரிய கன்டெய்னர்கள் நெடுஞ்சாலையில் கிடக்கின்றன. பக்கத்து ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே முங்கி, பல மாதம் வேலை நின்றது. அங்கே கூலி வாங்கிய எத்தனை குடும்பம்! சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய இடம் அது. மழைத் தண்ணீர் போக வழி இல்லை, கடல் ஏறி நிற்கும் நேரமானால் ஆற்றுத் தண்ணீரும் வடியாது. கடல் மட்டம் உயர உயர இது மோசமாகத்தான் போகும்.

இன்ஷூரன்ஸ்காரர் அடுத்த வருடம் தவணையை ஏற்றிவிட்டார். இடம் தாழ்வாம். அது எங்களுக்குத் தெரியாதா?

பீனிக்ஸிலிருந்து:

அண்ணா, தாழ்வான இடம் நாமாகத் தேடிப் போனது இல்லையே. என் ஆயா உம்கேனி ஆற்றங்கரை டின் டவுனில் இருந்தவர். 1976 வெள்ளத்தில் தகரக் குடிசை போனபிறகுதான் அந்த ஜனங்களைப் பீனிக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால், 1917 அக்டோபர் வெள்ளத்தில் அதே ஆற்றங்கரையில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் பக்கம், காய்கறித் தோட்டம் போட்டிருந்த நம் இந்திய ஜனங்களை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் கூட ஐந்து மீனவர்களும் படகை இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். இது எங்கள் வீட்டில் ராமாயணம் மாதிரி அடிக்கடி சொல்லும் கதை.

ஆனால் அப்போதைய வெள்ளத்தையும் இப்போதையதையும் ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது. 2022 மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், முன்பு 40 வருடத்துக்கு ஒரு தடவை எதிர்பார்க்கக்கூடிய அப்படிப்பட்ட மழை, பூமி சூடானதால் இப்போது 20 வருடத்துக்கு ஒரு தடவை வரலாம் என்கிறார்கள். அந்த 2022 வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு குடிசைப்பகுதியில், ஆறு ஏறுவதை வாட்ஸ்அப்பில் சொல்லும் ஏற்பாடு முன்பே இருந்தது. அன்று ராத்திரி செய்தி போய், ஜனங்கள் வெளியேறினார்கள். வீடுகள் பல போய்விட்டன, அது வேறு.

டோங்காட்டிலிருந்து:

எங்களுக்கு வெள்ளம் வடிந்தபிறகுதான் கஷ்டம் ஆரம்பம். குடிநீர் நிலையம் அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் குழாயில் சொட்டு இல்லை. லாரி வரும் சத்தம் கேட்டால் வாளியோடு ஓட்டம். கோவிலில் அபிஷேகத்துக்குக்கூடக் குடத்தை எண்ணித்தான் ஊற்றினோம்.

இசிப்பிங்கோவிலிருந்து:

பீனிக்ஸ் அக்கா, அந்த வாட்ஸ்அப் ஏற்பாடு எங்களுக்கும் வேண்டும். எங்கள் ஆறு உம்லாசி வழியாகத்தான் இறங்குகிறது. அங்கே தண்ணீர் ஏறியதும் ஒரு குரல் கொடுத்தால் போதும், ஆயாவை முன்கூட்டியே மாடிக்கு ஏற்றிவிடலாம். உம்லாசியில் ஆற்றுப் பக்கம் பழக்கமானவர்கள் யாருக்காவது இருக்கிறார்களா?