நேரில் பார்த்திராத ஒருவர்மீது மனம் போய்விட்டது, எப்படி மீள்வது?

சோமனூர்க் கணக்கர் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு வயது 29. விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். உடுமலைப் பக்கமுள்ள ஒரு நூற்பாலையிலிருந்து எங்களுக்குச் சரக்கு வருகிறது. லாரி கிளம்பிவிட்டதா, எத்தனை மூட்டை ஏறியது, இ-வே பில் எண் என்ன என்பதையெல்லாம் அந்த ஆலை அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண்தான் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் தெரிவிப்பார். பதினான்கு மாதங்களாக அவருடைய குரலைக் கேட்டுவருகிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. அவருடைய முகப்புப் படத்தில் ஒரு செம்பருத்திப் பூ மட்டுமே இருக்கிறது.

சென்ற ஆடி மாதம் எனக்கு இருமல் இருந்தபோது, "உடம்புக்குப் பரவாயில்லைங்களா?" என்று ஒருமுறை கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். அவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்றில் பின்னணியில் மயில் அகவுவது கேட்கிறது. அந்த மயிலை வைத்து அவருக்கு ஒரு தோட்டத்து வீடு, வீட்டின் முன் ஒரு வேப்பமரம், வாசலில் கட்டிய எருமை என்று எல்லாவற்றையும் நானே கட்டி முடித்துவிட்டேன். செய்தியின் முடிவில் அவர் எழுதும் "நல்லதுங்க.." என்பதில் இரண்டு புள்ளிகள் ஏன் இருக்கின்றன என்று யோசித்தே பல இரவுகள் போயிருக்கின்றன.

இதற்கிடையில் பொருந்தி வந்த இரண்டு ஜாதகங்களைக் காரணம் சொல்லாமல் தட்டிக்கழித்துவிட்டேன். அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நண்பன் ஒருவன், கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே பழகவில்லையா, நேரில் போய்ச் சொல்லிவிடு என்கிறான். பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அந்த ஆலை வாசலில் நிற்கலாம். போகலாமா, அல்லது இதை மறக்க வழி இருக்கிறதா?

பல்லடம் வாசகி:

தம்பி, நான் ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பெண் பார்க்கும் அதே வேலையைத்தான் வேறொரு ஆலையில் பார்க்கிறேன். அதனால் உங்களுக்குக் கேட்கப் பிடிக்காவிட்டாலும் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் ஐம்பது, அறுபது பார்ட்டிகளிடம் பேசுகிறோம். விலை ஏறிய நாளில் ஏச்சு வாங்குகிறோம், லாரி வழியில் நின்றுபோனால் அதற்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் குரல் தணிந்தும் இனிமையாகவும் இருக்க வேண்டும் என்பது சம்பளத்தோடு சேர்ந்த நிபந்தனை. "நல்லதுங்க" என்பது நம் பக்கத்தில் போனை வைப்பதற்கு முன் சொல்லும் வார்த்தை. எதிரில் இருமுகிறவரிடம் உடம்பைப் பற்றிக் கேட்பது நம் ஊர்ப் பழக்கம். லாரி ஓட்டுநரிடமும் கேட்போம்.

ஆலை வாசலுக்குப் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பார்ட்டி எனக்குத் தினமும் காலை வணக்கப் படங்கள் அனுப்பத் தொடங்கினார். நான் பதில் போடாததையும் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு ஆலை கேட்டில் வந்து நின்றார். வாட்ச்மேன் உள்ளே வந்து, முப்பது பேர் நடுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான் மேனேஜர் அழைத்து விசாரித்தார், நான்கு மாதம் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள், வீட்டில் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். அந்த மனிதர் கெட்டவர் அல்லர் என்றே இன்றும் நினைக்கிறேன். எனக்கு நேர்ந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா என்பதுகூட உங்களுக்குத் தெரியாத நிலையில் போகாதீர்கள்.

உங்கள் கடையில் அவரிடம் பேசும் வேறு யாராவது இருந்தால், அவருடைய போனில் அந்தப் பெண் அனுப்பியவற்றை ஒருமுறை பாருங்கள்.

நொய்யல்கரை:

கோவையில் மனநல ஆலோசனைப் பணியில் இருக்கிறேன். உங்கள் நிலைக்கு ஒரு பெயர் உண்டு. டோரதி டென்னாவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட தம் நூலில் இதை 'லிமரென்ஸ்' என்று அழைத்தார். ஒருவரைப் பற்றிய எண்ணம் விரும்பாமலே திரும்பத் திரும்ப வருவதும், அவருடைய சிறிய செயல்களில்கூட நமக்கான குறிப்பைத் தேடுவதும் இதன் அடையாளங்கள். மருத்துவக் கையேடுகள் இதை நோயாக வகைப்படுத்தவில்லை. எனவே உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

டென்னாவ் கவனித்தவற்றுள் உங்களுக்குப் பயன்படக்கூடியது, நம்பிக்கையும் ஐயமும் சேர்ந்திருக்கும்வரைதான் இது வளர்கிறது என்பது. தெளிவாக 'இல்லை' என்று தெரிந்தால் தணியும், 'ஆம்' என்று உறுதியானாலும் அந்தத் தவிப்பு மெல்ல அடங்கும். உங்களுக்கோ இரண்டும் கிடைக்கவில்லை. எப்போதோ ஒருமுறை ஓர் அன்பான சொல் மட்டும் வந்து விழுகிறது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகவே உயிரினங்கள் ஒரு செயலை விடாமல் தொடரும் என்பதைப் புறாக்களையும் எலிகளையும் வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். இரவு பதினொரு மணிக்கு அவர் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று திறந்து பார்க்கிறீர்கள் அல்லவா, அந்தப் புறாவும் அதைத்தான் செய்தது. (நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.)

'மறக்க' முயல வேண்டாம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததை டேனியல் வெக்னர் 1987-இல் ஒரு சோதனையில் காட்டியிருக்கிறார். எண்ணம் வந்தால் வரட்டும். அதற்குத் தீனி போடுவதை மட்டும் நிறுத்துங்கள். அந்தக் குரல் பதிவுகளை அழித்துவிடுங்கள், மயில் இருக்கும் பதிவை முதலில். முடிந்தால் அந்த ஆலையோடு பேசும் பொறுப்பைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் கொடுங்கள். அவரைப் பற்றி உண்மையிலேயே தெரிந்தவற்றை ஒரு தாளின் இடப்பக்கத்திலும், நீங்களாகச் சேர்த்தவற்றை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். கணக்கு எழுதுபவருக்குப் பற்றும் வரவும் பிரிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதற்கு மருந்தாக அவசரப்பட்டு வேறொரு பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

பவானி வாத்தியார்:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். பிசிராந்தையாரை இந்த வழக்கில் சாட்சிக்கு இழுத்ததால் மட்டுமே எழுதுகிறேன். சோழன் உண்ணாநோன்பிருந்து உயிர்விட வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். அவரும் பாண்டி நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். இரு பக்கமும் உறுதியாக இருந்த நட்பு அது. தம்பியின் நிலைக்குத் தமிழில் உள்ள பெயர் கைக்கிளை. எதிர்ச்சொல் கிடைக்காத ஒருவன் தானே பேசித் தானே இன்புறுவதை அதன் குறிப்பாகத் தொல்காப்பியம் சொல்கிறது. அன்பின் ஐந்திணைக்குள் அதைச் சேர்க்காமல் வெளியே நிறுத்தினாலும், ஏழு திணைகளில் ஒன்றாக ஏற்றுத்தான் கொண்டார்கள். ஆகவே வெட்கப்பட வேண்டியதில்லை.

எனக்கும் ஒன்று நடந்தது. 1984-இல் பத்திரிகையில் வந்த பேனா நண்பர் முகவரியைப் பார்த்து, கும்பகோணத்துப் பெண் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதினேன். அவர் வீட்டாரின் சம்மதத்தோடு, ஒரு பவானி ஜமுக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவருடைய அப்பா காப்பி கொடுத்தார். டபராவில் இருந்த காப்பி ஆறி ஆடை படியும்வரை எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை. அவர் நல்ல பெண்தான். நான் மனத்தில் வைத்திருந்த ஆள்தான் அந்த வீட்டில் இல்லை. ஜமுக்காளத்தை அவருடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பினேன். நான் போனது அழைப்பின் பேரில் என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும்.

சோமனூர்க் கணக்கர்:

அனைவருக்கும் நன்றி. பல்லடம் அக்கா எழுதியதைப் படித்தபின் உடுமலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன்; கேட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த இடத்தைத் தாண்டிப் படிக்கவே சற்று நேரம் ஆனது. தாளின் இடப்பக்கத்தில் நான்கு வரிதான் வந்தது. வலப்பக்கம் நிரம்பி, பின்பக்கத்துக்கும் போய்விட்டது.

இன்று காலை குடோனில் சரக்கு இறக்கும் அண்ணனிடம், லாட் எண் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை அவருக்கும் வந்திருக்கிறது: "மூட்டை 42 ஏறிருச்சுங்க. நல்லதுங்க.." அதே இரண்டு புள்ளிகள். அதற்குமேல், அவருடைய பேத்தியின் காய்ச்சல் விட்டுவிட்டதா என்றும் கேட்டிருக்கிறார்.

இனி அந்த ஆலைச் சரக்கை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டேன். குரல் பதிவுகளை அழித்துவிட்டேன். மயில் பதிவை மட்டும் இன்னும் அழிக்கவில்லை, நாளை செய்கிறேன்.